பிள்ளை பொறந்தா போயிரும்

சிவப்புப் புட்டியைத்தான் எப்சிபாவின் கை மறுபடியும் எடுத்தது. அலமாரியில் மற்றவையெல்லாம் தண்ணீர் நிறத்திலும் கழுநீர் நிறத்திலும் இருக்க, இது மட்டும் கண்ணாடிக்குள் அடர்ந்து சிவந்து நின்றது. சாய்த்தால் மெல்லச் சரிந்து வந்து ஓரத்தில் ஒரு பட்டையை விட்டுவிட்டுப் போனது. கிளைகாலிக் ஆசிட்டும் சாலிசிலிக் ஆசிட்டும் கலந்தது, பத்து நிமிடத்துக்கு மேல் முகத்தில் வைக்கக் கூடாது என்று பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருந்தது. வைத்தால் என்ன ஆகும் என்று போடவில்லை. தூத்துக்குடியில் போன பொங்கலுக்குத் திறந்த அழகுசாதனக் கடை அது. உள்ளே ஏசி குளிர்ந்தது. வெளியே சாயங்கால வெயில் இன்னும் விடாமல் ரோட்டில் படுத்திருந்தது. ரோட்டுக்கு அந்தப்பக்கம், டீக்கடை ஓரமாக, அவள் புருஷன் ஜெயசீலன் பைக்கில் சாய்ந்து நிற்பது கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது. "நீ பாத்து வாங்கிட்டு வா, நான் இங்கயே நிக்கேன்" என்று சொல்லி இறக்கிவிட்டான். என்ன வாங்கப் போகிறாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் முகத்துக்கு என்று சொல்லியிருப்பாள். சொன்னால் அவன் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும், அதனால்தான் கேட்காமல் விட்டானோ என்று அவளுக்குத் தோன்றியது, தோன்றியதும் அது அநியாயமான நினைப்பு என்றும் தோன்றியது, அநியாயம் என்று தெரிந்த பிறகும் அந்த நினைப்பு போகவில்லை. கொஞ்ச நாளாகவே அப்படித்தான். அவன் பேசும்போது அவள் தோளைப் பார்த்துப் பேசுகிறான், கையிலிருக்கும் கரண்டியைப் பார்த்துப் பேசுகிறான், அவளுக்குப் பின்னால் இருக்கும் காலண்டரைப் பார்த்துப் பேசுகிறான். முகம் என்று ஒன்று அவளுக்கு இருப்பதே வீட்டில் யாருக்கும் ஞாபகமில்லாததுபோல.

ஆசிட். எந்தப் புட்டியை எடுத்தாலும் அந்தச் சொல்தான் எழுதியிருந்தது. லாக்டிக் ஆசிட், மாண்டலிக் ஆசிட், கிளைகாலிக் ஆசிட். அவளுக்குத் தெரிந்த ஆசிட் பள்ளிக்கூடத்துக் கக்கூஸ் கழுவ ஆயா கொண்டுவருவது. மூடியைத் திறந்தால் வெள்ளையாகப் புகையும், ஆயா சேலை முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஊற்றுவாள், கறை விடவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் ஊற்றி ஊற விடுவாள். கறை கழலும்போது டைல்ஸின் பளபளப்பும் சேர்ந்து கழலும். அதைப் போய் முகத்தில் ஊற்றுவதற்கு இத்தனை அழகான புட்டிகளா. ஆனால் போனில் பார்த்த தோல் டாக்டரம்மா பயப்படாதீர்கள் என்றுதான் சொன்னார். சொரசொரவென்று தேய்க்கிற ஸ்கிரப்பைவிட இதுதான் நல்லது, தேய்த்தால் தோல் கீறும், இது தேய்க்காமலே மேலே இருக்கும் செத்த செல்லையெல்லாம் மெதுவாகக் கழற்றிவிடும், அடியில் புதுத் தோல் இருக்கிறது, அது மேலே வரும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எப்சிபா அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டாள். செத்ததைக் கழற்றிவிடும். அப்படியென்றால் இவ்வளவு நாளும் செத்ததைத்தான் முகத்தில் வைத்துக்கொண்டு திரிகிறோமா, அதற்குத்தான் பவுடர் போடுகிறோமா, ஊரெல்லாம் அதைப் பார்த்துத்தான் நல்லாருக்கீங்களா என்று கேட்கிறதா. செத்தது தானாக விழாதா. சிலருக்கு விழும், சிலருக்கு ஒட்டிக்கொண்டிருக்கும், அதற்குத்தான் உதவி தேவைப்படுகிறது என்று டாக்டரம்மா அதற்கும் பதில் வைத்திருந்தார்.

காலையில் ஸ்டூடியோவுக்குப் போகாமல் இருந்திருந்தால் இந்தக் கடைக்கும் வந்திருக்க மாட்டாள். பள்ளிக்கூடத்தில் எல்லா டீச்சருக்கும் புது அடையாள அட்டை போடுகிறார்கள், போட்டோ கேட்டிருந்தார்கள். ஸ்டூடியோக்காரர் படம் எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். அவளிடம் திரையைத் திருப்பி, "முகத்தக் கொஞ்சம் கிளீன் பண்ணியிருக்கேன் டீச்சர், பாருங்க" என்றார். பார்த்தாள். இரண்டு கன்னத்திலும் மூக்குத் தண்டின் மேலும் வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்ததுபோலப் படர்ந்திருக்கும் கறுப்பு, அந்த மங்கு, இல்லை. நெற்றியில் இருந்த நிழல் இல்லை. அங்கே இருந்தது ரெண்டு வருஷத்துக்கு முந்தின எப்சிபா. மைதானத்தில் விசில் ஊதிக்கொண்டு, த்ரோபால் டீமோடு சேர்ந்து கத்திக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு அடுத்தவர் டப்பாவில் கைவிட்டுக்கொண்டு திரிந்தவள். இன்னும் எதுவும் நேர்ந்திராதவள். அவள் திரையிலிருந்து இவளைப் பார்த்தாள், இவளைத் தெரியாதவள்போலப் பார்த்தாள். எப்சிபாவுக்கு அவளைப் பிடித்திருந்தது. அதுதான் வலித்தது. "நல்லாருக்குல்லா டீச்சர்?" என்று ஸ்டூடியோக்காரர் கேட்டபோது நல்லாருக்கு என்று சொல்லி, அதையே பிரிண்ட் போடச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். பள்ளிக்கூடத்துக்கு நடக்கும்போது வெயில் கன்னத்தில் விழுந்தது. ஒரு தட்டில் கறுப்பையெல்லாம் எடுத்துவிட்டான் மனுஷன். ஒரு தட்டில். அவளுக்கு ஆத்திரம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை, சாயங்காலம் ஜெயசீலன் கூப்பிட வந்ததும் ஒரு கடைக்குப் போகணும் என்று மட்டும் சொன்னாள்.

மங்கு விழுந்தது அஞ்சாம் மாசத்தில். அத்தைதான் முதலில் பார்த்தாள். ஜெயசீலனுடைய அம்மா, எதையும் சந்தோஷமாகச் சொல்லத் தெரிந்தவள். "பாத்தியா, மங்கு விழுந்திருக்கு. எனக்கும் இவன் வயித்துல இருக்கும்போது இப்படித்தான் மூஞ்சி முழுக்க. ஒண்ணும் போடாத, பிள்ளை பொறந்தா போயிரும்." சபையில் பாஸ்டரம்மா அதையே சொன்னார். ஸ்டாஃப் ரூமில் கணக்கு டீச்சர் சொன்னார். பால்காரக்கா சொன்னாள். பிள்ளை பொறந்தா போயிரும், பிள்ளை பொறந்தா போயிரும். அப்போது அது கேட்க நன்றாக இருந்தது. கண்ணாடியில் அந்தக் கறுப்பைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றில் கைவைத்துக்கொள்வாள், இரண்டும் ஒரே சேதியைச் சொல்வதுபோல இருக்கும். ஏழாம் மாசத்தில் ஒருநாள் வயிற்றுக்குள் அசைவு இல்லை. இனிப்பு சாப்பிட்டுப் பார்த்தாள், இடதுபக்கம் படுத்துப் பார்த்தாள், பிறகு ஆஸ்பத்திரி, ஜெல்லின் குளிர்ச்சி, ஸ்கேன் பார்த்த டாக்டர் பேசாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரம். காரணம்னு எதுவும் இல்லம்மா, சில நேரம் இப்படி ஆயிரும் என்றார்கள். காரணம் இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது அழுதிருக்கலாம். வலி வரவழைத்துப் பெற்றாள். மற்றவர்கள் பெறுவதுபோலத்தான், அதே மேஜை, அதே அலறல், அதே 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்'. கடைசியில் மட்டும் சத்தமில்லை. பெண்பிள்ளை. தலை நிறைய முடி. துணியில் சுற்றி ஒருதரம் காட்டினார்கள், பிறகு ஜெயசீலனிடம் கொடுத்தார்கள். ஆக, பிள்ளை பிறந்தது. பிறந்ததா இல்லையா? பிறந்தது. அப்படியென்றால் மங்கு ஏன் போகவில்லை? இந்த இடத்தில்தான் அவள் நினைப்பு ஒவ்வொரு தடவையும் வந்து மாட்டிக்கொள்ளும். உடம்பு அதைப் பிறப்பு என்று கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லையா? இன்னும் பிறக்கவில்லை, பொறு, பொறு என்று முகம் மட்டும் காத்துக்கொண்டிருக்கிறதா? வயிற்றுக்குத் தெரிந்துவிட்டது, வயிறு சுருங்கிவிட்டது. முகத்துக்கு யாரும் சொல்லவில்லை.

லீவு முடிந்து பள்ளிக்கூடத்துக்குப் போன அன்று, மைதானத்தில் விசில் ஊதினாள். ஒரு பிள்ளைகூடப் பேசவில்லை. வரிசை வளையவில்லை. தண்ணி குடிக்கணும் மிஸ், கால் வலிக்குது மிஸ், இவ தள்ளுதா மிஸ், எதுவுமில்லை. ஓடச் சொன்னால் ஓடின, நிற்கச் சொன்னால் நின்றன. பத்து வருஷமாக அவள் கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்ட ஒழுங்கு அன்றைக்கு முழுசாகக் கிடைத்தது. அதைப்போலக் கொடுமை வேறு இல்லை. கடைசியில் எட்டாம் வகுப்பு ஷிஃபானாதான் பந்தைக் கொடுக்க வந்த சாக்கில் பக்கத்தில் நின்று, "மிஸ், முகத்துல என்ன மிஸ், கறுப்பா?" என்று கேட்டாள். பின்னாலிருந்த பிள்ளைகள் அவளைக் கிள்ளின. எப்சிபாவுக்கு அந்தப் பிள்ளையைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. "வெயில்டா" என்றாள். வெயில் என்பதும் பொய்யில்லை. வெயில் பட்டால் மங்கு கூடும் என்று டாக்டரம்மாவும் சொன்னார். ஆனால் விளையாட்டு டீச்சருக்கு வேலையே வெயிலில்.

"மேம், அது வேண்டாமே." பக்கத்தில் ஒரு பெண் நின்றாள். கறுப்புச் சட்டை, கடையின் பெயர் போட்ட ஏப்ரன், நெஞ்சில் மாரிக்கனி என்று பெயர்ப்பட்டை. இருபத்திரண்டு வயது இருக்கும். எப்சிபாவின் கையிலிருந்த சிவப்புப் புட்டியைத்தான் சொன்னாள்.

"ஏன்? இதுதான் நல்லா வேலை செய்யும்னு போட்டிருக்கு."

"வேலை செய்யும். மொதத் தடவையே இத எடுத்தா எரிஞ்சிரும். நம்ம கலருக்கு எரிஞ்சா அந்த இடம் இன்னும் கறுத்துரும். இதுக்கு முன்னாடி ஏதாவது ஆசிட் போட்டிருக்கீங்களா?"

"இல்ல."

"அப்போ மெதுவா ஆரம்பிங்க. மங்குக்கு மொத மருந்தே சன்ஸ்கிரீன்தான், அதில்லாம இதெல்லாம் போட்டு ஒண்ணுமில்ல. வெயில்ல வேலையா?" என்று கேட்டு, பதிலை எதிர்பார்க்காமல் அலமாரியின் கீழ்த்தட்டில் குனிந்து இரண்டு புட்டிகளை எடுத்தாள். அவள் மங்கு என்று சொன்ன விதம் எப்சிபாவுக்குப் பிடித்தது. மற்றவர்கள் அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு மூச்சு நிறுத்துவார்கள். இந்தப் பெண் மூக்கு, காது என்பதுபோலச் சொன்னாள். "இது மாண்டலிக், பாதாம்லருந்து வாரது. இது லாக்டிக், பால்லருந்து வாரது. ரெண்டுமே மெதுவாத்தான் போகும்."

பால். எப்சிபா அந்தப் புட்டியை வாங்கிக்கொண்டாள். உள்ளே இருந்தது பால்போல இல்லை. தெளிந்த தண்ணீராக, நிறமே இல்லாமல் இருந்தது. பிள்ளையைப் பெற்ற மூன்றாம் நாள் அவளுக்குப் பால் வந்தது. வரும் என்று யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை, அல்லது சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. விடிகாலையில் நெஞ்சு கல்லாகக் கனத்து, நைட்டி நனைந்து எழுந்தாள். பக்கத்து வீட்டில் ஒரு பிள்ளை அழுதது, உடனே இன்னும் நனைந்தது. அவளுடைய அம்மா தன் ஊர் நாசரேத்திலிருந்து வந்திருந்தாள். ஒன்றும் பேசாமல் கடைக்குப் போய் மல்லிகைப்பூ வாங்கி வந்து, மார்பில் வைத்து, பழைய வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டினாள். பூ வைத்துக் கட்டினால் பால் வற்றும். தலையில் வைக்கும் பூ. கல்யாணத்தன்று வைத்த பூ. சூட்டில் வதங்கி, பாலோடு சேர்ந்து புளித்து, அது ஒரு வாசனை வந்தது. பூ வாசனையும் இல்லை, பால் வாசனையும் இல்லை. இன்றைக்கும் பஸ்ஸில் யாராவது மல்லிகை வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தால் எப்சிபா எழுந்து வேறு இடத்துக்குப் போய் நிற்பாள். ஜெயசீலன் அந்த நாட்களில் அறைக்குள் வரவில்லை. வந்தாலும் வாசலிலேயே நின்று, மருந்து சாப்பிட்டியா என்பான். துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதுகிற வேலை அவனுக்கு. பெட்டிகளை எண்ணி, முத்திரையைப் பார்த்து, சரி என்று குறிப்பது. பிள்ளையைக் கிடத்திய அந்தச் சின்னப் பெட்டியை அவன்தான் மடியில் வைத்துக் கொண்டுபோனான். எப்படி வைத்திருந்தான், எங்கே பார்த்துக்கொண்டு போனான், குழி எவ்வளவு ஆழம், மண் ஈரமாக இருந்ததா, அவள் கேட்கவில்லை. அவன் சொல்லவில்லை. கேட்காததும் சொல்லாததும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து, இப்போது இருவருக்கும் நடுவே தோல்போல ஏதோ ஒன்று வளர்ந்து தடித்துக் கிடக்கிறது. அதற்கு ஒரு புட்டி இருந்தால் நல்லது.

இதைப் போட்டால் மங்கு போய்விடுமா? போய்விட்டால்? அந்தப் பிள்ளை வந்து போனதற்கு அவள் உடம்பில் மிச்சமிருப்பது இது ஒன்றுதான். வயிற்றில் வரிகூட விழவில்லை; ஏழு மாசத்து வயிறுதானே. வாங்கி வைத்த சின்னச் சட்டைகளை அத்தை யாருக்கோ கொடுத்துவிட்டாள், நல்லதுக்குத்தான் கொடுத்தாள். போட்டோ எடுக்கவில்லை. ஊரெல்லாம் அவளைப் பார்த்தவுடன் பார்ப்பது இந்தக் கறுப்பைத்தான், பார்த்துவிட்டு மருந்து சொல்வார்கள், கசகசாவை அரைத்துப் போடு, உருளைக்கிழங்குச் சாறு தேய், அப்படியென்றால் அவர்கள் எல்லாரும் அந்தப் பிள்ளையைத்தான் பார்க்கிறார்கள், தெரியாமல் பார்க்கிறார்கள். அதைக் கழற்றிவிடுவதா? சீ, என்ன நினைப்பு இது. மங்கு மங்குதான். தோலில் நிறம் கூடிக்கிடக்கிறது, அவ்வளவுதான். ஒரு பிள்ளைக்கு அம்மா முகத்தில் கறையாக இருக்க ஆசையிருக்குமா? அப்படி யோசித்ததும் புட்டியின் பின்பக்கத்தை உற்றுப் படிக்கிற மாதிரி குனிந்துகொண்டாள்.

மாரிக்கனி கொஞ்சம் நெருங்கி, குரலைத் தாழ்த்தி, "அக்கா, ஒண்ணு கேக்கணும், எல்லார்கிட்டயும் கேக்கதுதான். இப்ப மாசமா இருக்கீங்களா? இல்ல, பிள்ளைக்குப் பாக்கீங்களா? அப்படின்னா சிலது போடக் கூடாது. இந்தச் சாலிசிலிக் வேண்டாம். ரெட்டினால்னு ஒண்ணு இருக்கு, அதைத் தொடவே தொடாதீங்க" என்றாள்.

மேமிலிருந்து அக்காவுக்கு வந்துவிட்டாள் இந்தப் பெண். எப்சிபா வாயைத் திறந்தாள். இல்லை என்று சொல்லத்தான் திறந்தாள். அந்த இல்லை எப்போதும் தயாராக இருக்கும். சபையில், பஸ் ஸ்டாப்பில், அடுத்தது எப்போ என்று கேட்பவர்களுக்கெல்லாம் கொடுத்துக் கொடுத்துத் தேய்ந்துபோன இல்லை. ஆனால் அவர்கள் யாரும் இப்படிக் கேட்டதில்லை. அவர்கள் கேட்பது அவளுக்கு என்ன குறை என்று தெரிந்துகொள்ள. இந்தப் பெண் கேட்பது எந்தப் புட்டியை எடுத்து உள்ளே வைக்க வேண்டும் என்பதற்காக. வரப்போகிற ஒரு பிள்ளைக்கு இது ஆகாது, அது ஆகாது என்று இப்போதே ஒதுக்கி வைப்பதற்காக. இல்லாத ஒரு பிள்ளைக்கு, இந்தக் கடையில், ஏசிக் காற்றில், யாரோ ஒருத்தி இடம் விடுகிறாள். மறுபடி அந்த ஜெல், அந்த மௌனம், அந்த மேஜை. மறுபடி ஒவ்வொரு ராத்திரியும் வயிற்றில் கைவைத்து அசைவுக்காகக் காத்துக் கிடப்பது. முடியாது. என்னால் முடியாது.

"ஆமா, பாக்கோம்" என்றாள்.

யாரோ சொன்னதுபோல இருந்தது. மாரிக்கனிக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே இல்லை. "சரிக்கா" என்று சிவப்புப் புட்டியை வாங்கி அலமாரியில் திரும்ப வைத்தாள். "லாக்டிக் எடுத்துக்கோங்க, கம்மி அளவுதான் இது. வாரத்துக்கு ஒருநாள், ராத்திரி. எதுக்கும் உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டே போடுங்க. சன்ஸ்கிரீன் மட்டும் தினமும், மறக்கக் கூடாது." பில் போடுமிடத்தில் வரிசை இருந்தது. எப்சிபா நின்றாள். முன்னால் ஒரு காலேஜ் பெண் லிப்ஸ்டிக்கைக் கையில் தீற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாக்கோம். பார்க்கிறேன் என்று சொல்லவில்லை, பாக்கோம் என்று சொல்லியிருக்கிறாள். ரோட்டுக்கு அந்தப்பக்கம் நிற்கிற மனுஷனையும் சேர்த்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள், அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல். பொய்தானே, கடைக்காரப் பெண்ணிடம் சொன்ன பொய், அதற்கென்ன. பையை வாங்கினாள். கதவைத் தள்ளினாள். வெயில் இறங்கியிருந்தது, ஆனாலும் வெக்கை முகத்தில் அடித்தது.

ஜெயசீலன் அவள் ரோட்டைக் கடந்து வருவதைப் பார்த்து பைக்கை நிமிர்த்தினான். "ஆச்சா?"

"ஆச்சு. மங்குக்கு மருந்து வாங்கினேன்."

அவன் தலையசைத்தான், பைக் கண்ணாடியைப் பார்த்தபடி. அவள் ஏறவில்லை. "அங்க ஒரு பொண்ணு ஒண்ணு கேட்டா" என்றாள்.

"என்ன?"

"பிள்ளைக்குப் பாக்கீங்களான்னு. சில மருந்து போடக் கூடாதாம், அதுக்குக் கேட்டா."

டீக்கடையில் யாரோ சிரித்தார்கள். அவன் சாவியைத் திருப்பவில்லை. "நீ என்ன சொன்ன?"

"ஆமான்னு சொன்னேன்."

"சும்மா சொன்னியா?"

"சொல்லும்போது சும்மாதான் சொன்னேன்" என்றாள் எப்சிபா. "பில்லு போட்டு வெளிய வாரதுக்குள்ள சும்மாவா இல்லாமப் போச்சு."

அவன் பைக்கை மறுபடியும் ஸ்டாண்டில் போட்டான். ஹெல்மெட்டைக் கழற்றினான். முடி வேர்வையில் ஒட்டிக் கிடந்தது. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான், கன்னத்தை, மூக்கை, நெற்றியை, ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், முத்திரை சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறவன்போல. "எனக்குப் பயமா இருக்கு எப்சி" என்றான். "உன் மூஞ்சியப் பாத்தா அவ மூஞ்சிதான் வருது. பிள்ளைக்கு மூக்கு அப்படியே உன்னுது. நான் பாத்தா நீ கேட்டுருவியோன்னு, கேட்டா நான் என்ன சொல்லுவேன்னு..."

மூக்கு. அவளுக்கு இது தெரியாது. ஒருதரம் பார்த்ததில் முடியை மட்டும்தான் அவள் பார்த்திருந்தாள். மூக்கு தன்னுடையது என்று யாரும் சொல்லவில்லை. அவள் கை தானாக மூக்குத் தண்டைத் தொட்டது, மங்கு படிந்த இடத்தை. "எனக்கும் பயந்தான்" என்றாள். "பயத்தோடதான் பாக்கணும்போல."

அவன் அவள் கையிலிருந்த பையைக் கேட்டு வாங்கி, புட்டியை வெளியே எடுத்து, டீக்கடை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக உதடு அசையப் படித்தான். "மொதல்ல கையில கொஞ்சம் போட்டுப் பாக்கணும்னு போட்டிருக்கு. அப்புறந்தான் முகத்துலயாம்" என்றான். மூடியைத் திருகி அவள் கையில் கொடுத்தான். சட்டைக் கையை மேலே ஏற்றி, முன்கையின் உள்பக்கத்தை அவளிடம் நீட்டினான்.

"உங்க கையில போட்டா எனக்கு ஒத்துக்குமான்னு எப்படித் தெரியும்?" என்று அவள் கேட்டாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தெரியாதுதான்" என்றான். கையை எடுக்கவில்லை. "இருந்தாலும் போடு."

அவள் சொட்டுக் குழாயை அழுத்தினாள். ஒரு துளி விழுந்து, நரம்பின் மேல் கொஞ்சம் நின்று, மெதுவாகப் பரவியது. இருவரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எரியுதா?" என்று கேட்டாள்.

"லேசா" என்றான் ஜெயசீலன், கையை இழுத்துக்கொள்ளாமல்.